கிரவல் பாதையில் சைக்கிள்: வாசகர் கேள்விகளுக்கு ஒட்டுசுட்டானிலிருந்து பதில்

கேள்வி: யூரா மலையடிவாரத்தில் இருக்கிறேன். இங்கே வாகனம் வராத காட்டுப் பாதைகளில், சிவப்புக் கைகாட்டிகளைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்கச் சைக்கிள் ஓடலாம். ஆடியில் ஊருக்கு வரும்போது சைக்கிளையும் கொண்டுவர யோசனை. வன்னியில் அப்படிப் பாதைகள் உண்டா? எந்தப் பக்கம் போகலாம்?
(வாசகர், பீல், சுவிற்சலாந்து)

பதில்: உண்டு. ஆனால் முதலில் அந்தச் சிவப்புப் பலகை விஷயம். உங்கள் ஊரில் அது வழி காட்டும். இங்கே காட்டோரம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் கண்ணிவெடி என்று அர்த்தம். வந்த சில்லுத் தடத்திலேயே திரும்பிவிட வேண்டும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் பக்கங்களில் வெடி அகற்றும் அமைப்புகள் 2002 தொடக்கம் வேலை செய்கின்றன. பெரும் பகுதி துப்புரவாகிவிட்டது, எல்லாம் அல்ல. பலகை இல்லாத இடம் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். புதிதாக உழவு இயந்திரத் தடம் தெரியும் பாதையில் மட்டும் போங்கள். ஒன்றுக்குப் போகவும் பற்றைக்குள் இறங்காதீர்கள். பாதை ஓரத்திலேயே நின்றால் போதும், பார்க்க ஆளிராது.

சரி, பாதைக்கு வருவோம். சுவிசில் காட்டுப் பாதையில் வாகனம் வராததற்குச் சட்டம் காரணம். 1991ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம், காட்டு வேலைக்கல்லாத மோட்டார் வண்டிகளை உள்ளே விடுவதில்லை. இங்கே அப்படி யாரும் மறிப்பதில்லை. பாதை போய் முடிகிற இடத்தில் ஒரு துருசும் (தண்ணீர் திறந்துவிடும் மதகு) நாலு வயலும்தான் இருக்கும், வேலையில்லாதவன் ஏன் வரப் போகிறான்? துருசு திறக்க, பூட்ட, வாய்க்கால் உடைப்புப் பார்க்க என்று நீர்ப்பாசன வேலைக் காலம் முழுக்க நான் சைக்கிள் உழக்கியது இந்தப் பாதைகளில்தான். அதனால் என்னைக் கேட்டால், வன்னியில் சைக்கிள் ஓட வருகிறவர் வரைபடத்தில் வீதியைத் தேடக் கூடாது, குளத்தைத் தேட வேண்டும். குளம் இருந்தால் கட்டு இருக்கும், கட்டிலிருந்து வலதுகரை, இடதுகரை என்று வாய்க்கால் இறங்கும், வாய்க்காலோடு ஒரு கிரவல் பாதை கட்டாயம் போகும்.

இந்தப் பாதைகளுக்கு இன்னொரு குணம். தண்ணீர் தானாக ஓட வேண்டும், அதே நேரம் மண் கரையை அரிக்கவும் கூடாது. ஆகவே ஆயிரக்கணக்கான அடி தூரத்துக்கு ஓரடிச் சரிவு என்ற அளவில்தான் வாய்க்காலை வெட்டுவார்கள். பக்கத்தில் போகும் பாதைக்கும் அதே மட்டம். யூராவில் ஏறிப் பழகிய உங்கள் கால்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். அவசரப்பட வேண்டாம், ஆடி மாதத்தில் சோளகம் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று பின்னேரத்தில் உங்களைச் சைக்கிளோடு பின்னுக்குத் தள்ளப் பார்க்கும். காலை வெள்ளெனத் தெற்கோ மேற்கோ பார்த்துப் புறப்பட்டு, காற்று எழும்பிய பிறகு அதை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் புத்தி.

முதல் நாளுக்கு எங்கள் முத்தையன்கட்டு போதும். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் தொடங்கிக் குளக்கட்டுக்குப் போய், வலதுகரை, இடதுகரை ஊர்களுக்குள்ளால் சுற்றி வரலாம். அந்த ஊர்களின் பெயரே அதுதான், வலதுகரை, இடதுகரை. கட்டோரத்து மருதமர நிழல் போல ஒரு நிழல் தார் வீதியில் கிடையாது. அடுத்தது இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய பெரிய குளம். அங்கிருந்து உருத்திரபுரம் பக்கமும் வட்டக்கச்சிப் பக்கமும் வாய்க்கால் கரைகள் போகின்றன. பெரிய கட்டுகளில் காவலுக்கு ஆள் நின்றால் சொல்லிவிட்டு ஏறுங்கள். மூன்றாவது, மல்லாவிக்குக் கிட்ட வவுனிக்குளம். பாலியாற்றுத் தண்ணீர். மூன்றிலும் ஆள் நடமாட்டம் குறைந்தது இதுதான், யானை நடமாட்டம் கூடியதும் இதுதான்.

ஆவணி 15ஐ ஒட்டி மடுப் பக்கம் சைக்கிளில் போக நினைத்தால் மறந்துவிடுங்கள். மாதா திருவிழாவுக்கு நாடு முழுக்க அந்த வீதியில்தான் வரும்.

கேள்வி: அதே சைக்கிளுக்கு இங்கே ரயர், ரியூப் வாங்கலாமா?
(மேலே உள்ள அதே வாசகர்)

பதில்: அந்த நினைப்பில் வர வேண்டாம். எங்கள் கடைகளில் தொங்கும் 28 அங்குல ரயர் பெரும்பாலும் பழைய ஆண்கள் சைக்கிளுக்கானது. அது உட்காரும் விளிம்பின் விட்டம் 635 மி.மீ., உங்கள் 700சி சில்லுக்கு 622. பார்வைக்கு ஒன்றுதான், மாட்டினால் நிற்காது. ரியூப் இரண்டு, உங்கள் வால்வுக்குப் பொருந்தும் பம் ஒன்று, ஒட்டுப் போடும் சாமான் எல்லாம் அங்கிருந்தே வரட்டும். காரை முள்ளும் சூரை முள்ளும் மெல்லிய ரயரை விட்டுவைக்காது. 40 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் போட்டு, 35, 40 பிஎஸ்ஐ அளவில் காற்று விட்டால் போதும். கல்லுப் போல் அடித்தால் கிரவலில் சறுக்கும்.

கேள்வி: பாடசாலைக்குத் தினமும் கிரவல் பாதையில் சைக்கிளில் போகிறேன். டிப்பர் ஓடத் தொடங்கியதிலிருந்து பாதை வரி வரியாக எழும்பி, மணிக்கட்டு நோகிறது. ஒரு வழி சொல்லுங்கள் ஐயா.
(ஆசிரியை, துணுக்காய்)

பதில்: பிள்ளை, அந்த வரியைப் போடுவது வேகம். இளகின மண்ணில் பாரமான சில்லு வேகமாகத் துள்ளித் துள்ளி ஓடும்போது ஒவ்வொரு துள்ளலிலும் மண் கொஞ்சம் குவியும். அடுத்த வண்டி அதே இடத்தில் துள்ளும். கிறேடர் போட்டு வழித்துவிட்டாலும் டிப்பர் ஓடுகிற வரைக்கும் வரி திரும்ப வரும். மாட்டு வண்டி மட்டும் ஓடிய காலத்தில் பள்ளம் இருந்தது, வரி இருக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: வரி நடுவில்தான் ஆழம், ஓரத்தில் சப்பை. எதிரே வாகனம் இல்லாதபோது ஓரத்தைப் பிடியுங்கள். முன்சில்லில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். கான்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், முழங்கை மடிந்திருக்கட்டும். புத்தகப் பையை முன்கூடையில் வைக்காமல் பின் கரியரில் கட்டுங்கள். கார்த்திகை, மார்கழியில் கிரவல் களியாகி மட்காட்டுக்குள் அடைத்துக்கொள்ளும், அதற்கு முன்பே மட்காட்டை ஒரு விரல் உயர்த்திப் பூட்டச் சொல்லுங்கள். டிப்பர்க்காரரின் வேகத்தைப் பற்றிப் பிரதேச சபைக்கு எழுத விரும்பினால் பெற்றோரையும் சேர்த்துக் கையொப்பம் வாங்குங்கள். தனி ஆளின் கடிதம் கோவைக்குள் போய்ப் படுத்துவிடும்.

கேள்வி: வாய்க்கால் பாதையில் யானை நின்றால் என்ன செய்வது?
(மாணவன், புதுக்குடியிருப்பு)

பதில்: நின்றுவிடு. பெல் அடிக்காதே, படம் எடுக்காதே. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மெதுவாக வந்த வழியே போ. விடியப்புறமும் பொழுது படும்போதும் அந்தப் பாதை யானைக்குரியது, அந்த நேரம் போகாதே. சாணத்தில் ஆவி பறந்தால் யானை பக்கத்தில்தான் நிற்கிறது. பாலைப்பழக் காலத்தில் யானையைவிடக் கரடிக்குப் பயப்படு. பழம் தின்கிற கரடி உன்னைக் கவனிக்காமலே கிட்ட வந்துவிடும்.

கேள்வி: பொருளாதாரத் தடைக் காலத்தில் விறகும் நெல்லும் நோயாளியும் ஏற்றிக்கொண்டு இதே கிரவலில் சைக்கிள் உழக்கி நெஞ்சு வலித்தது எங்களுக்கு. இப்போது காசு கொடுத்துப் பிளேனில் சைக்கிள் கொண்டுவந்து ஓடுகிறார்களாம். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையா?
(முதியவர், நெடுங்கேணி)

பதில்: வந்தது அண்ணை. 90களில் தடைப் பட்டியலில் பெற்றோலும் டீசலும் இருந்தபோது கரியரில் இரண்டு மூட்டை கட்டி உழக்கினவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு யாராவது வந்து இது பொழுதுபோக்கு என்று சொல்லியிருந்தால் பம்மாலேயே அடித்திருப்பேன். ஆனால் 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த என் மருமகன் என் பழைய சைக்கிளைத்தான் துடைத்து எடுத்தான். இப்போதும் திருப்பித் தரவில்லை.

கேள்வி: வழியில் தேத்தண்ணிக் கடை இருக்குமா?
(வாசகி, வவுனியா)

பதில்: சந்திகளில் இருக்கும், வாய்க்கால் கரையில் ஒன்றும் இராது. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். குளத்தில் முகம் கழுவ இறங்குவதென்றால் ஊர் ஆட்கள் குளிக்கிற துறையில் மட்டும் இறங்குங்கள், மற்ற இடங்களில் முதலை படுத்திருக்கும். முத்தையன்கட்டுப் பக்கம் வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒட்டுசுட்டான் சந்திக்கு 1 மணிக்கு முன் வந்துவிடுங்கள், பிந்தினால் குளத்து மீன் குழம்பு முடிந்துவிடும்.