ஒபாமாகேர் செலவுக் கணக்கு: கேள்வியும் பதிலும்

ஒபாமாகேர் என்பது அமெரிக்காவில் ஒபாமா காலத்தில், 2010-ல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். அதன்படி காப்பீடு வாங்குவோருக்குக் கொரோனா காலத்தில் சேர்த்த கூடுதல் மானியம் 2025 டிசம்பரோடு முடிந்துபோனதிலிருந்து கேள்விகள் குவிகின்றன. அரசாங்கத்துக்கு ஆகும் செலவைப் பற்றியவற்றை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 2010-ல் இந்தச் சட்டம் அரசு பட்ஜெட்டின் பற்றாக்குறையைக் குறைக்கும் என்றது ஜனநாயகக் கட்சி. கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி டாலர் செலவு என்றது குடியரசுக் கட்சி. யார் சொன்னது பொய்?

இரண்டு எண்ணுமே ஒரே மதிப்பீட்டில் இருந்தவைதான். காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் (சிபிஓ என்பார்கள்) 2010 மார்ச் 20 அன்று கொடுத்த கணக்குப்படி, காப்பீட்டை விரிவாக்க மட்டும் பத்து வருஷத்துக்கு மொத்தச் செலவு 93,800 கோடி டாலர். காப்பீடு எடுக்காதவர்கள் கட்டும் அபராதம் போன்ற வரவுகளைக் கழித்தால் 78,800 கோடி. அப்புறம் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் போகும் தொகையில் வெட்டு, வசதியானவர்கள் மேல் புது வரி என்று அதே சட்டத்தில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிக் கழித்தால் கடைசி வரியில் பற்றாக்குறை 14,300 கோடி குறைகிறது.

ஒரு கட்சி முதல் வரியை மட்டும் படித்தது, இன்னொன்று கடைசி வரியை மட்டும் படித்தது. குறையும் என்று சொன்னவர்கள், யாரிடம் வாங்கி, யாருக்குத் தருவதை வெட்டி அது குறைகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். அந்த வெட்டையெல்லாம் கணக்கில் எடுக்காமல் செலவை மட்டும் சொல்லிப் பயமுறுத்தியதும் சரியில்லை.

கேள்வி: சேமிப்பு வரும் என்று எழுதினார்களே, அது வந்ததா?

பாதி வந்தது, பாதி வரவில்லை. குடியரசுக் கட்சியின் புகார்களில் நியாயமான ஒன்று 'கிளாஸ்' என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு. ஐந்து வருஷம் பிரீமியம் கட்டிய பிறகுதான் பலன் என்பதால் முதல் பத்து வருஷத்தில் வரவு மட்டுமே அதிகம் தெரியும், அதை வைத்தே சுமார் 7,000 கோடி டாலர் சேமிப்பு என்று கணக்கில் ஏறியது. நீண்ட நாளைக்குத் தாங்காது என்று 2011 அக்டோபரில் ஒபாமா அரசே அதைக் கைவிட்டது. விலை உயர்ந்த காப்பீடுகள் மேல் 40 சதவீத வரி என்று ஒன்று இருந்தது, 2018-ல் தொடங்க வேண்டியது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு 2019 டிசம்பரில் இரண்டு கட்சிகளும் சேர்ந்தே அதை ரத்து செய்தன.

ஆனால் செலவுப் பக்கமும் எதிர்பார்த்தபடி ஏறவில்லை. 2019-ல் சந்தைத் தளங்கள் (தனிநபர்கள் காப்பீடு வாங்க இந்தச் சட்டம் அமைத்த இணையதளங்கள்) வழியாக 2.4 கோடி பேர் காப்பீடு எடுப்பார்கள் என்பது 2010-ன் கணிப்பு, பதிந்தவர்களோ அதில் பாதிகூட இல்லை. மெடிகேர் செலவு வளர்ந்த வேகமும் நினைத்ததைவிடக் குறைவு. அதனால்தான் 2015-ல், சட்டத்தை ரத்து செய்தால் பத்து வருஷத்தில் பற்றாக்குறை 35,300 கோடி டாலர் கூடும் என்றது சிபிஓ. ரத்து செய்தால் பொருளாதாரம் கொஞ்சம் வளரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தபோதுகூட 13,700 கோடி கூடத்தான் செய்தது.

கேள்வி: 2012-ல் செலவு இரட்டிப்பாகிவிட்டது என்று செய்தி வந்ததே?

ஆகவில்லை. முதல் கணக்கு 2010 முதல் 2019 வரை, ஆனால் மானியம் தொடங்கியதே 2014-ல்தான். அதாவது பத்து வருஷக் கணக்கில் ஆறு வருஷச் செலவுதான் இருந்தது. 2012-ல் போட்ட கணக்கு 2022 வரை நீண்டதால், முழுச் செலவு உள்ள வருஷங்கள் அதிகம் சேர்ந்து 1.76 லட்சம் கோடி என்று வந்தது. எந்தப் பத்து வருஷம் என்று கேட்காமல் எந்தத் தொகையையும் நம்பாதீர்கள்.

கேள்வி: சிபிஓ எந்தக் கட்சியின் ஆள்?

யாருடைய ஆளும் இல்லை. நான் மேலே சொன்ன 2015 கணக்கு வந்தபோது அதன் தலைவர் கீத் ஹால், குடியரசுக் கட்சியினர் தேர்ந்தெடுத்தவர். 2017-ல் அதே கட்சி கொண்டுவந்த மாற்று மசோதாவுக்குக் கணக்குப் போட்டபோதும் சிபிஓ தலைவர் அவர்தான்: பற்றாக்குறை 33,700 கோடி குறையும், 2026-க்குள் 2.4 கோடி பேருக்குக் காப்பீடு இல்லாமல் போகும் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது அந்த அலுவலகம்.

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் 60 வயது, டெக்சாஸில் சொந்தத் தொழில், வருஷ வருமானம் 85,000 டாலர். பிரீமியத்தைப் பார்த்து அதிர்ந்துபோனோம். மானியத்தை நீட்டித்தால் நாட்டுக்குக் கட்டுப்படியாகாது என்பது உண்மையா?

கட்டுப்படியாகுமா என்பது அரசியல் முடிவு. தொகையைச் சொல்கிறேன்: நிரந்தரமாக நீட்டித்தால் பத்து வருஷத்துக்கு 35,000 கோடி டாலர், 2035-ல் 38 லட்சம் பேர் கூடுதலாகக் காப்பீட்டில் இருப்பார்கள் என்பது சிபிஓ மதிப்பீடு. கொரோனா காலத்துத் தற்காலிக உதவியை ஏன் இழுக்க வேண்டும், பணம் காப்பீட்டு நிறுவனங்களுக்குத்தானே போகிறது என்கிறார்கள் குடியரசுக் கட்சியினர். அது சின்னத் தொகை இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறுத்தியதால் அந்தச் செலவு மறைந்துவிடவில்லை, உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. 2025-ல் உங்கள் வருமானத்தில் 8.5 சதவீதம், அதாவது சுமார் 7,200 டாலர் கட்டினால் ஒரு நடுத்தரத் திட்டம் கிடைத்திருக்கும். இப்போது முழு விலை, உங்கள் வயதுக்குப் பல இடங்களில் 20,000 டாலரைத் தாண்டும். அரசின் பற்றாக்குறைக் கணக்கில் இது எங்கும் தெரியாது, எனக்கு இந்த விவாதத்திலேயே மனம் ஆறாத இடம் இதுதான்.

ஒன்று செய்யுங்கள். முடிந்துபோனது கூடுதல் மானியம்தான், சட்டத்தின் பழைய மானியம் இன்னும் இருக்கிறது. இரண்டு பேர் குடும்பத்துக்கு அதற்கான 2026-ன் வருமான வரம்பு 84,600 டாலர், நீங்கள் வெறும் 400 டாலர் மேலே நிற்கிறீர்கள். பாரம்பரிய ஓய்வூதியக் கணக்கில் பணம் போட்டு வருமானத்தை அந்த வரம்புக்குக் கீழே கொண்டுவந்தால் அந்த மானியம் கிடைக்கும், நீங்கள் கட்டும் பங்கு வருமானத்தில் 9.96 சதவீதம்தான். வரி தாக்கல் செய்யும் கடைசி நாள் வரை போடலாம். ஆனால் வருஷ நடுவில் தொழில் வருமானம் கூடினால் உடனே சந்தைத் தளத்தில் திருத்திவிடுங்கள், ஏனென்றால் 2026 முதல் அதிகமாக வாங்கிய முன்பண மானியம் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும், முன்பு பலருக்கு இருந்த உச்சவரம்பு இப்போது இல்லை.