பழைய ஹாலோவீன் அட்டைப் படத்தில் பசை தடவினால் நிறம் கலங்குகிறது: பதில்

பழைய ஹாலோவீன் (அக்டோபர் 31 இரவுப் பேய்த் திருவிழா) வாழ்த்து அட்டையின் படத்தை, கண்ணாடி பார்க்கும் 'சூனியக்காரி' படத்தை, இங்க்ஜெட்டில் பிரிண்ட் எடுத்து ஒட்டும்போது நிறம் கலங்குவதாகக் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பசை காரணமில்லை, பிரிண்டர் மைதான். இங்க்ஜெட்டில் பெரும்பாலும் இருப்பது டை மை, அதாவது நீரில் கரையும் சாய மை. மாட் பாட்ஜ், ஃபெவிகால் போன்ற பசைகளிலுள்ள தண்ணீர் பட்டதும் அது கரைந்துவிடும். அதே படத்தை ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்டாக எடுங்கள். அதன் மைத்தூளான டோனர் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டியிருப்பதால் கலங்காது.

உறுதிசெய்ய, ஒரு மூலையில் ஈரப் பஞ்சை வைத்து எடுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் டை மைதான்.

இங்க்ஜெட் பிரிண்டையே வைத்துக்கொள்வதானால்:

1. ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.
2. 25–30 செ.மீ. தள்ளி நின்று அக்ரிலிக் ஸ்ப்ரே (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) இரண்டு தடவை, மெலிதாக. நடுவே 20 நிமிடம். கனமாக அடித்தால் ஸ்ப்ரேயே மையைக் கலைத்துவிடும்.
3. பசையை அடி அட்டையில் தடவி, படத்தை அதன் மேல் வையுங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் 'சூனியக்காரி' என்று எழுதியிருக்கும், மெழுகுவர்த்தியோடு கண்ணாடி பார்க்கும் பெண் சூனியக்காரி அல்ல. ஹாலோவீன் இரவில் ஆப்பிள் தின்றபடி கண்ணாடி பார்த்தால் வருங்காலக் கணவனின் முகம் தோளுக்கு மேல் தெரியும் என்பது ஸ்காட்லாந்து நம்பிக்கை. 1900களின் தொடக்கத்து அமெரிக்க வாழ்த்து அட்டைகளில் இது அடிக்கடி வரும். கண்ணாடிக்குள் மங்கலாகத் தெரியும் அந்த ஆண் முகத்தைக் கத்தரித்து விடாதீர்கள், படத்தின் உயிரே அதுதான்.

விற்பனைக்கென்றால் படம் வெளியான ஆண்டைப் பாருங்கள்: 1930-க்கு முன் அமெரிக்காவில் வெளியான படத்துக்கு அங்கே காப்புரிமை இல்லை. பழைய பாணியில் இன்று வரைந்ததற்கு உண்டு.