71 சதவீதம் என்றால் நல்ல பள்ளியா?

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சென்னையிலிருந்து போய் எட்டு மாதம் ஆகிறதாம், மகன் செப்டம்பரில் ஐந்தாம் வகுப்பு. வீட்டுப் பக்கத்து அரசுப் பள்ளியில் மாநிலக் கணக்குத் தேர்வில் 38 சதவீதம் பேர்தான் தேறியிருக்கிறார்கள், குலுக்கலில் இடம் விழுந்திருக்கும் சார்ட்டர் பள்ளியிலோ 71 சதவீதம். "ஒரு வாரத்தில் பதில் சொல்லணும், மாத்திடலாமா?" என்று கேட்கிறார்.

அந்த 71ஐக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். தமிழ்நாடு 2017லேயே ரேங்க் பட்டியலை நிறுத்திவிட்டது, ஆனால் நம் தலைக்குள் இருக்கும் பட்டியலை யாரும் நிறுத்தவில்லை, அதைத்தான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

சார்ட்டர் என்ற பெயரைக் கேட்டதும் தனியார் பள்ளி என்று பலர் நினைக்கிறார்கள். அரசுப் பணத்தில்தான் நடக்கிறது, ஃபீஸ் கிடையாது, நுழைவுத் தேர்வும் கிடையாது, நிர்வாகம் மட்டும் ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் டிஸ்ட்ரிக்டின் கையில் இல்லாமல் தனிக் குழுவிடம் இருக்கும். 1991ல் மினசோட்டாவில் முதல் சட்டம் வந்தது. அதில் அபாரமான பள்ளிகளும் உண்டு, மூடவேண்டியவையும் உண்டு. இணையவழியில் மட்டுமே நடக்கும் சார்ட்டர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ என்ற கல்வி ஆய்வு மையம் செய்த ஆய்வுகளில் அந்த வகைப் பிள்ளைகள்தான் ரொம்பவும் பின்தங்கினார்கள்.

இப்போது அந்த சதவீதத்துக்கு வருவோம். அதிபர் புஷ் 2002ல் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்துக்குப் பிறகு மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை வருடா வருடம் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைத்தே ஆகவேண்டும், 2015ல் சட்டம் மாறியும் தேர்வு போகவில்லை. நியூ ஜெர்சியில் ஐந்து படிநிலைகள், நான்காவதையோ ஐந்தாவதையோ தொட்டால்தான் தேறியதாகக் கணக்கு. இரண்டு வருடப் பின்னடைவோடு வந்த ஒரு பிள்ளையை ஓர் ஆசிரியர் ஒரே வருடத்தில் ஒன்றரை வருடப் பாடம் முன்னேற்றிவிட்டாலும் அவன் இன்னும் மூன்றாம் படியில்தான் நிற்பான், சதவீதத்தில் அவன் பூஜ்யம். உங்கள் மகனுக்கு ராத்திரி எட்டு மணிக்கு அவன் அப்பா பின்னத்தைச் சொல்லிக்கொடுப்பதோ, சத்தமில்லாமல் பள்ளியின் கணக்கில் வரவாகிவிடும். ஆக, அந்த எண் பாதிக்கு மேல் வீட்டைப் பற்றியது.

அந்த எண்ணில் தலைமை ஆசிரியரின் வேலையும் போனஸும் தொங்கினால் என்ன நடக்கும் என்பதை அட்லாண்டாவில் பார்த்தோம். 2011ல் வெளிவந்த விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகள், 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும். பிள்ளைகளின் விடைத்தாளில் தப்பை ரப்பரால் அழித்துச் சரியான வட்டத்தை இவர்களே நிரப்பியிருக்கிறார்கள்.

சரி, அப்போ எதைப் பார்ப்பது? நியூ ஜெர்சி கல்வித்துறை ஒவ்வொரு பள்ளிக்கும் செயல்பாட்டு அறிக்கை ஒன்று இணையத்தில் போடுகிறது, அதில் மாணவர் வளர்ச்சி என்று ஒரு பகுதி இருக்கும். முன்பு இதே மாதிரி மதிப்பெண் வாங்கிய மாநிலத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு இந்தப் பிள்ளை எவ்வளவு ஏறினான் என்று பார்க்கும் எண் அது, 50 என்றால் நடு. உங்கள் பக்கத்துப் பள்ளி 58, சார்ட்டர் 44 என்று இருந்தால், 38ஓ 71ஓ, நான் யோசிக்காமல் பக்கத்துப் பள்ளியில் போடுவேன். ஒரே வருடத்தை நம்பாதீர்கள், இரண்டு மூன்று வருடம் பாருங்கள்.

அதே அறிக்கையில் வகுப்புவாரி எண்ணிக்கையும் இருக்கும். இதைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை, நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஐந்தாம் வகுப்பில் 90 பேர், அதே செட் எட்டாம் வகுப்புக்கு வரும்போது 60 பேர் என்றால் அந்த 30 பேர் எங்கே? சில சார்ட்டர்கள் நடுவில் காலியாகும் இடத்தை நிரப்புவதில்லை. திணறியவர்கள் கிளம்பிவிட்டால் மிச்சமிருப்பவர்களின் சதவீதம் தானாக உயரும், யாரும் எதையும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

சார்ட்டரைத் திட்டுகிறேன் என்று நினைக்கவேண்டாம். குலுக்கலில் பெயர் விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிடுவதுதான் இதில் நேர்மையான சோதனை, ஏனென்றால் இரண்டு பக்கமும் விண்ணப்பம் போடும் அளவுக்கு அக்கறையுள்ள பெற்றோர். பாஸ்டனில் அப்படிப் பார்த்தபோது சார்ட்டர் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். ஆனால் 15 மாநிலங்களில் 36 நடுநிலை சார்ட்டர்களை அதே முறையில் ஆராய்ந்த 2010 அறிக்கையில் சராசரியாக வித்தியாசம் இல்லை. நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் இருந்தது, வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கில் சறுக்கலே தெரிந்தது. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இந்த வாரம் ஒருநாள் பள்ளி விடும் நேரத்துக்கு இரண்டு வாசலிலும் போய் நில்லுங்கள். கூட்டிப்போக வரும் பெற்றோரிடம் பேச்சுக் கொடுங்கள், போன வருட ஆசிரியர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம் அலுவலகத்தில், ஏப்ரலில் ஒரு பிள்ளை போய்விட்டால் அந்த இடத்தை நிரப்புவீர்களா என்று கேளுங்கள். பதில் இழுத்தாற்போல வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. ஊர் டிஸ்ட்ரிக்ட் உங்கள் மகனை எப்போது போனாலும் சேர்த்தே ஆகவேண்டும், ஆனால் விட்ட குலுக்கல் இடம் திரும்ப வராது. வளர்ச்சி எண் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, வகுப்பும் தேயாமல் இருந்தால் சார்ட்டரில் சேர்த்து டிசம்பர் வரை பாருங்கள். பையனுக்கு அங்கே பிடிக்கவில்லை என்றால் ஜனவரியில் பக்கத்துப் பள்ளிக்கு நடந்தே போகலாம்.