ரேகை வைத்தால் சீட்டு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்

கேள்வி: ஆந்திர எல்லையில் நகரி பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டுக்காரரின் தறிக்கூலி என் கணக்கில்தான் விழுகிறது. பேங்குக்குப் போனால் அரை நாள் கூலி போய்விடும் என்று கடைவீதியில் உள்ள மினி பேங்கில் ரேகை வைத்துப் பணம் எடுப்பேன். கடைக்காரர் ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் பிடித்துக்கொள்வார். போன மாதம் 3,000 ரூபாய்க்கு ரேகை வைத்தபோது, "ஃபெயில் ஆயிடுச்சும்மா, இன்னொரு தடவை வையுங்க" என்றார். வைத்தேன், 3,000 கொடுத்தார். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தால் 3,000 இரண்டு தடவை போயிருக்கிறது. அவரைக் கேட்டால் பேங்கில் கேட்கச் சொல்கிறார். பேங்கில் அவரைக் கேட்கச் சொல்கிறார்கள். ரசீதுச் சீட்டு எதுவும் வாங்கவில்லை. பணம் திரும்ப வருமா?

பதில்: வரவேண்டிய பணம்தான் அம்மா. சீட்டு இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் ரேகை வைத்ததும் உங்கள் கணக்கில் பணம் கழிகிறது. அதே தொகை அந்த மினி பேங்க்காரரின், அதாவது வங்கி நியமித்த முகவரின், கணக்கில் ஏறுகிறது. அதற்கு ஈடாகத்தான் அவர் தன் கல்லாவிலிருந்து எடுத்துத் தருகிறார். ஆக, முதல் ரேகை உண்மையிலேயே ஃபெயில் ஆகியிருந்தால் அவர் கணக்கில் 3,000 ஒரு முறைதான் ஏறியிருக்கும். இரண்டு முறை ஏறியிருந்தால் உங்கள் பணம் அவரிடம்தான் இருக்கிறது. உங்கள் கையில் சீட்டு இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு அழியாது. வங்கி நினைத்தால் பார்த்துச் சொல்லிவிட முடியும்.

மெஷின் கோளாறு என்றால் அதற்கு ரிசர்வ் வங்கி 2019-இலேயே விதி போட்டிருக்கிறது. ஆதார் ரேகையில் எடுக்கும்போது கணக்கில் கழிந்து, நடவடிக்கை முடியாமல் போனால், அன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு. நீங்கள் கேட்காமலே தரவேண்டிய ஈடு அது. முகவர் எடுத்துக்கொண்டிருந்தால் அப்போதும் வங்கி கைகழுவ முடியாது. தன் முகவர் செய்வதற்கெல்லாம் அவரை நியமித்த வங்கிதான் பொறுப்பு. அதனால் "அவரையே கேளுங்க" என்பது பதிலே இல்லை.

உங்கள் கணக்கு இருக்கும் கிளைக்கே போங்கள். வெள்ளைத்தாளில் தேதி, தொகை, கடை இருக்கும் இடம், பாஸ்புக்கில் இரண்டு முறை கழிந்த விவரம் எல்லாம் எழுதுங்கள். பாஸ்புக் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இணையுங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்காமல் திரும்பாதீர்கள். வாயால் சொல்லிவிட்டு வந்த புகார் புகாரே ஆகாது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை, வக்கீல் வேண்டாம். எப்படி எழுதுவது என்று கேட்க 14448 எண்ணில் தமிழிலேயே பேசலாம். தபாலில் அனுப்பும் புகார் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குப் போகும், எந்த மொழியிலும் எழுதலாம். தெலுங்கும் ஆங்கிலமும் எழுத வராது என்று நம் எல்லைப் பக்கத்தில் எத்தனையோ பேர் புகாரையே விட்டுவிடுகிறார்கள். அதற்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் விஷயத்துக்கு வருவோம். முகவர் வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கக் கூடாது. அவருக்குக் கமிஷன் கொடுப்பது வங்கியின் வேலை. அந்தக் கமிஷன் கடை வாடகைக்குக்கூடப் போதவில்லை என்று எனக்குத் தெரிந்த முகவர்கள் சொல்கிறார்கள். பொய்யாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் குறையை வங்கியிடம்தான் அவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டும், தறிக்கூலியில் கைவைத்து அல்ல. இதையும் அதே புகாரில் எழுதுங்கள்.

இனிமேல் "ஃபெயில்" என்று சொன்னால் உடனே விரலை நீட்டாதீர்கள். "மினி ஸ்டேட்மென்ட் எடுங்க" என்று கேளுங்கள். அதே மெஷினில் கடைசியாக நடந்தவை வரும். கழியவில்லை என்று பார்த்த பிறகு அடுத்த ரேகை. ஃபெயில் ஆனாலும் சீட்டு கேளுங்கள், அதில் அந்த நடவடிக்கைக்கான 12 இலக்க எண் ஒன்று இருக்கும். புகாருக்கு அந்த எண்தான் உயிர். அந்தப் பளபளப்புத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். என் அம்மா பாஸ்புக்குக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த சீட்டுகளை ஒருநாள் பிரித்துப் பார்த்தால் எல்லாமே வெறும் வெள்ளைத்தாள். அன்றிலிருந்து அந்த எண்ணையும் தொகையையும் பாஸ்புக் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதி வைக்கிறோம்.

நூல் இழுத்து இழுத்துக் கட்டைவிரல் தேய்ந்து ரேகை விழாமல் போவதுண்டு. ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு மோதிர விரலை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: புத்தூரில் சப்தகிரி கிராமீண வங்கியில் கணக்கு வைத்திருந்தேன். இப்போது பெயரே மாறிவிட்டது. டெபாசிட் பத்திரமாக இருக்குமா?

பதில்: இருக்கும். 2025 மே 1 முதல் ஆந்திராவின் நான்கு கிராமப்புற வங்கிகள் சேர்ந்து ஆந்திரப் பிரதேச கிராமீண வங்கி என்று ஒன்றாகிவிட்டன. பாஸ்புக்கைக் கிளைக்கு எடுத்துப் போய் புது ஐஎஃப்எஸ்சி எண்ணைக் கேட்டு, உங்களுக்குப் பணம் அனுப்புகிறவர்களிடம் கொடுங்கள். ஒன்றே ஒன்று கவனியுங்கள். வங்கி திவாலானால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைதான். அந்த நான்கில் இரண்டு வங்கிகளில் தனித்தனியாகப் போட்டு வைத்திருந்தால் இப்போது இரண்டும் ஒரே வங்கியில் இருப்பதாகி, சேர்த்தே அந்த 5 லட்சம் வரம்புக்குள் வந்துவிடும்.

கேள்வி: சத்தியவேடு பக்கம் எங்கள் ஊர். கணவர் 43 வயதில் மோட்டார் போடப் போய் கரண்ட் ஷாக்கில் இறந்துவிட்டார். கணக்கில் இருந்த பணத்தை வங்கியில் கொடுத்துவிட்டார்கள். பாஸ்புக்கில் மே மாதம் 436 ரூபாயும் 20 ரூபாயும் கழிந்திருக்கிறது. அது என்ன பணம்?

பதில்: அது இன்சூரன்ஸ் பணம் அம்மா. 436 ரூபாய் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு, 20 ரூபாய் விபத்துக்கான சுரக்ஷா காப்பீட்டுக்கு. இரண்டுக்கும் காலம் ஜூன் 1 முதல் மறு வருடம் மே 31 வரை. அந்தக் காலத்துக்குள் அவர் இறந்திருந்தால் முதலாவதில் 2 லட்சம், மின்சாரம் தாக்கியது விபத்து என்பதால் இரண்டாவதிலும் 2 லட்சம் கேட்கலாம். கணக்கை முடிக்கும்போதே கிளையில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது மனதைச் சங்கடப்படுத்துகிறது. இறப்புச் சான்று, உங்கள் ஆதார், உங்கள் பாஸ்புக், கூடவே எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை எல்லாம் எடுத்துக்கொண்டு, அந்த 436 கழிந்த பக்கத்தைக் காட்டி கிளெய்ம் படிவம் கேளுங்கள். இந்த வாரமே போய்விடுங்கள். அவருடைய பழைய பாஸ்புக்கை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்.