கேழ்வரகுக் கஞ்சி குடித்தும் சர்க்கரை ஏறுவது ஏன்? உணவியல் நிபுணர் பதில்கள்

திருச்சி வாசகர் (54 வயது): சர்க்கரை வந்ததிலிருந்து அரிசியைத் தொடுவதில்லை. காலையும் இரவும் கேழ்வரகுக் கஞ்சிதான். ஆனாலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240 காட்டுகிறது. ஏன் மேடம்?

ஐயா, கேழ்வரகு நல்ல தானியம்தான். 100 கிராமில் கால்சியம் மட்டும் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஆனால் மாவுச்சத்தில் அது அரிசிக்கு ரொம்பப் பின்னால் இல்லை. அரிசியில் நூற்றுக்கு 78 கிராம் என்றால் இதில் 70ஐ ஒட்டி இருக்கும். அதையும் நைசாக அரைத்து, கரைத்துக் கொதிக்கவைத்து, சொம்பில் ஊற்றிக் குடித்தால் மெல்லுகிற வேலையே இல்லை. சர்க்கரை சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடும்.

அதே மாவில் முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு இரண்டு அடை தட்டுங்கள். முதலில் ஒரு கிண்ணம் சுண்டலோ, முட்டையும் பொரியலுமோ சாப்பிட்டுவிட்டு அப்புறம் அடைக்கு வாருங்கள். காயும் பருப்பும் முன்னால் போனால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். மதியம் ஒரு கப் சோறு சாப்பிடலாம், தப்பில்லை. காய் இரண்டு கப் இருக்கட்டும். 240ஐ உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

மதுரை வாசகி (29 வயது): ஹீமோகுளோபின் 9.2. தினமும் பீட்ரூட் ஜூஸ், வாரம் மூன்று நாள் கீரை. ஏறவே இல்லை அக்கா.

சாப்பிட்டு எழுந்ததும் டீ குடிக்கிறீர்களா? என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதற்கு ‘ஆமாம்’ என்றுதான் சொல்கிறார்கள். டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் கீரையின் இரும்பைப் பிடித்துவைத்து, உடம்பில் சேர விடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீரையை இறக்கியதும் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். பீட்ரூட்டின் சிவப்பு வெறும் நிறம்தான். 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது.

ஆனால் தங்கச்சி, 9.2ஐ சாப்பாட்டால் மட்டும் தூக்க முடியாது. டாக்டர் தரும் இரும்பு மாத்திரையை விடாமல் போடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது மாத்திரையால்தான். மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே களைப்பை நம் பெண்கள் பழகிப்போன விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

சேலம் வாசகர்: அம்மாவுக்கு பி.பி. உப்பைக் குறைத்துவிட்டோம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எவ்வளவு போடுகிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேலேயே தேதியை எழுதுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ 50 நாளாவது வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் குறைக்கவில்லை என்று அர்த்தம். அப்பளம், ஊறுகாய், கருவாட்டில் இருக்கும் உப்பு இந்தப் பாக்கெட் கணக்கில் தெரியாது, ஆனால் அதுவும் அந்த 5 கிராமுக்குள்தான் அடங்க வேண்டும். இந்துப்பும் உப்புதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்குவதாக இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து.

நெல்லை வாசகர்: சிறுநீரகக் கல். பாலை நிறுத்தலாமா?

வேண்டாம். பால் போல சாப்பாட்டோடு போகும் கால்சியம், பெரும்பாலான கற்களை உண்டாக்கும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். தண்ணீரைக் கூட்டுங்கள், உப்பைக் குறையுங்கள்.

கடலூர் வாசகி: அப்பா டயாலிசிஸில் இருக்கிறார். இளநீர் வேண்டும் என்று குழந்தை மாதிரி கேட்கிறார். ஒரு வாய் கொடுக்கலாமா?

மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள் அம்மா. இளநீரில் பொட்டாசியம் அதிகம். உடம்பிலிருந்து அது வெளியேறாவிட்டால் இதயத்துடிப்பையே பாதிக்கும். டாக்டர் ஒரு நாளைக்கு அளந்து கொடுத்திருக்கும் தண்ணீரிலேயே கொஞ்சம் எடுத்து, இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டு, ஃப்ரீசரில் சின்னக் கட்டிகளாக உறையவையுங்கள். கேட்கும்போது ஒன்றை வாயில் போடுங்கள். மெதுவாகக் கரையும், நாக்கு வறட்சி அடங்கும்.