12 லட்சம் பாக்கி: வக்கீல் சொல்வது சரிதான்

எம்.சி. ரோட்டுக் கடைக்காரர் 12 லட்சம் ரூபாய் துணிப் பாக்கியை இழுத்தடிக்கிறார், நேராக வழக்குப் போட முடியாது என்று வக்கீல் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்புங்கள் சார். வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ பிரிவுப்படி, 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் முதலில் சமரசர் என்ற நடுநிலையாளர் முன் பேசிப் பார்க்கும் சமரசம்தான். அவசர இடைக்கால உத்தரவு தேவைப்பட்டால் மட்டும் விலக்கு. 2022இல் உச்ச நீதிமன்றமும் இது கட்டாயம் என்று சொல்லிவிட்டது.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க 1,000 ரூபாய். உட்கார்ந்து பேசினால் சமரசர் கட்டணம் ஆளுக்குப் பாதி. கடைக்காரர் வரவே இல்லையா? அவர் வரவில்லை என்று ஆணைக்குழுவிடம் அறிக்கை வாங்கி வழக்குப் போடலாம். இதில் போகும் நாட்கள், வழக்குப் போடுவதற்கான காலவரம்பில் சேராது.

மண்ணடியில் இரும்பு வியாபாரம் செய்பவன் நான். வாய்க்கணக்கை நம்பிப் போய் முழித்திருக்கிறேன். ஜிஎஸ்டி பில், டெலிவரி சலான், 'அடுத்த வாரம் தரேன்' என்ற வாட்ஸ்அப் எல்லாம் எடுத்துப் போங்கள். அப்புறம், தவணைக்கு ஒத்துக்கொண்டால் தேதிகளை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். கையெழுத்தானால் அது நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) தீர்ப்புக்குச் சமம்.