லூட்டில் நான்கு குரல்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் பதினோரு ஆண்டுகளாகக் கிட்டார் வாசிப்பவன். லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்தபின், மறுமலர்ச்சிக் கால இசையமைப்பாளர் ஜோஸ்கின் பெயரில் வழங்கும் ‘மில் ரெக்ரெ’ என்ற நான்கு குரல் பாடலையும், ஸ்பானியக் கலைஞர் லூயிஸ் தெ நார்வாயெஸ் அதை லூட்டைப் போலவே சுருதி சேர்க்கும் விஹுவேலா என்ற வாத்தியத்துக்கு மாற்றி எழுதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மூலத்தில் நீண்டு நிற்கும் சுரங்களின் இடத்தில் அவர் வேகமான சிறு சுரங்களின் ஓட்டங்களை நிரப்பியிருக்கிறார். இது மூலத்துக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

நானும் அக்காலத்து நான்கு குரல் பாடல் ஒன்றை ஆறு இணைத்தந்திகள் (சேர்த்து மீட்டப்படும் தந்தி வரிசைகள்) கொண்ட லூட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். எஃப் சுரத்தை நோக்கி முடியும் ஓரிடத்தில் கீழே சி, நடுவில் எஃப், ஜி, மேலே மறுபடியும் சி என நான்கும் சேர்ந்து வருகின்றன. விரல்கள் எட்டவில்லை. பக்கத்து ஜியோடு உரசுகிற எஃப்பை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஈ சுரத்தை மட்டும் முன்கூட்டியே வைத்துக்கொண்டேன். அது சரிதானா? இசையமைப்பாளர் பாக்கின் படைப்புப் பட்டியலில் 995ஆம் எண் கொண்ட தொகுப்பைக் கிட்டார் பதிப்பிலிருந்தே லூட்டில் வாசிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கும் அந்த ஒற்றை இடத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட மற்ற இரண்டு கேள்விகளுக்கும் உரிய விடை அதற்குள்தான் இருக்கிறது.

நீங்கள் விட்ட எஃப், அந்த இடத்தில் எக்காரணம் கொண்டும் விடக்கூடாத சுரம். அது முந்தைய தாளத்தில் மற்றக் குரல்களோடு இசைவாகத் தொடங்கி, அவை நகர்ந்தபின்னும் தான் நகராமல் நிற்பதால் உரசலாக மாறி, பிறகு ஈக்கு ஒரு படி இறங்கி அமைதி அடைகிறது. முடிவு நெருங்குகிறது என்று கேட்பவருக்குத் தெரிவிப்பது அந்த இறக்கம்தான். எஃப்பை எடுத்துவிட்டு ஈயை முன்கூட்டியே வைத்தால், கடந்து வந்து சேரவேண்டிய இடத்தில் முதலிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறோம். ஒன்றை விட்டே ஆகவேண்டும் என்றால் ஜியை விட்டிருக்கலாம். அது கீழே உள்ள சியின் ஐந்தாம் சுரம். சியை மீட்டினாலே அதன் மேல்சுரங்களில் ஜி மெல்லியதாக ஒலிப்பதால், நாம் விட்டாலும் காது அதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். எஃப்பை அப்படி நிரப்பிக்கொள்ளக் காதுக்கு எந்த வழியும் கிடையாது.

ஆனால் இந்த இடத்தில் எதையுமே விடத் தேவையில்லை. லூட்டின் ஆறு இணைத்தந்திகள் கீழிருந்து மேலாக ஜி, சி, எஃப், ஏ, டி, ஜி என்று சுருதி சேர்க்கப்படுகின்றன; எண்ணும்போது மேல் ஜிதான் முதல் இணை. எஃப்பும் ஜியும் இயல்பாக ஒரே நான்காம் இணையில் விழுகின்றன. ஒரு தந்தியில் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் எழாது. எனவே எஃப்பை ஐந்தாம் இணையின் ஐந்தாம் மெட்டுக்கு (விரல் அழுத்தும் கட்டத்துக்கு) தள்ளவேண்டும். அந்த ஐந்தாம் இணைதான் திறந்த நிலையில் சி தரவேண்டியது என்பதால், சியும் இடம் பெயர்ந்து ஆறாம் இணையின் ஐந்தாம் மெட்டுக்குப் போகிறது. இரண்டாம் மெட்டில் ஜியும் மூன்றாம் இணையின் மூன்றாம் மெட்டில் மேல் சியும் இருக்க, கை இரண்டாம் மெட்டிலிருந்து ஐந்தாம் மெட்டுவரை விரிந்து நிற்கிறது. அந்த நிலையிலேயே எஃப் ஈக்கு இறங்கவும் வேண்டும். உங்கள் விரல்கள் எட்டாததில் வியப்பில்லை.

இப்போது பாடல் முழுவதையும் ஒரு சுரம் மேலே ஏற்றிப் பாருங்கள். சி, எஃப், ஜி, சி என்பவை டி, ஜி, ஏ, டி என்று ஆகின்றன. டி ஐந்தாம் இணையின் இரண்டாம் மெட்டில், ஜி நான்காம் இணையின் இரண்டாம் மெட்டில், ஏயும் மேல் டியும் மூன்றாம், இரண்டாம் இணைகளில் திறந்தே கிடைக்கின்றன. உரசும் ஜி அதே தந்தியில் ஒரு மெட்டு பின்வாங்கி எஃப் ஷார்ப் ஆகிறது. இரண்டு விரல்களில் முடிந்துவிடும் வேலை. பதினாறாம் நூற்றாண்டுக் குரலிசைக்கு இன்றுபோல அறுதியான சுருதி கிடையாது. பாடுபவர்களின் குரலுக்கு ஏற்ப ஏற்றியும் இறக்கியும் பாடினார்கள். ஸ்பானிய இசை நூலாசிரியர் ஹுவான் பெர்மூதோ 1555இல் வெளியிட்ட நூலில், வெவ்வேறு சுருதியில் அமைந்த விஹுவேலாக்களை மனத்தில் வைத்துக்கொண்டு பாடலுக்குப் பொருந்துவதைத் தேர்ந்துகொள்ளும் முறையை விளக்குகிறார். எந்தச் சுருதியில் எழுதுவது என்ற முடிவை எடுத்த பிறகே முதல் சுரத்தை எழுதவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றும் உண்டு. பாடகரின் எஃப் உரசும் கணம்வரை அதே வலிமையோடு நிற்கும், வேண்டுமானால் சற்றுப் பெருகவும் செய்யும். குடல்நரம்புத் தந்தியில் மீட்டிய எஃப்போ மீட்டிய நொடியிலேயே தேயத் தொடங்கி, உரசவேண்டிய நேரத்தில் ஏறக்குறைய இல்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் பழைய லூட் ஏடுகளில், குரல்வடிவத்தில் கட்டி நீட்டப்பட்ட சுரத்தை உரசல் விழும் இடத்தில் மறுபடி மீட்டும்படி எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். தாளில் அது மூலத்தை மீறியதாகத் தெரியும். கேட்கும்போது மூலத்தில் இருந்ததே கேட்கும்.

நார்வாயெஸின் ஓட்டங்களையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 1538இல் வய்யதோலித் நகரில் அச்சான அவருடைய தொகுப்பில் அந்தப் பாடல் ‘பேரரசரின் பாடல்’ என்ற பெயரோடு இருக்கிறது. பேரரசர் என்றது ஐந்தாம் சார்லஸை. துயரத்தில் நீண்டு நிற்கும் சுரங்களே அந்தப் பாடலின் உயிர். அவற்றை அப்படியே விஹுவேலாவில் மீட்டினால், ஒவ்வொன்றும் பிறந்து, தேய்ந்து, அடுத்தது வரும்வரை மௌனமே மிஞ்சும். நார்வாயெஸ் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழியைச் சிறு சுரங்களால் நிரப்பி, அந்த நீட்சியை வேறு வகையில் திருப்பித் தருகிறார். அக்காலத்து ஓட்டங்கள் எல்லாமே இப்படித் தேவையிலிருந்து பிறந்தவை என்று சொல்லமாட்டேன். விரல் வேகத்தைக் காட்டுவதற்காக எழுதப்பட்டவையும் ஏராளம், அவற்றை நான் விரும்பி வாசிப்பதில்லை. ஆனால் இந்தப் பாடலில் ஒவ்வொரு ஓட்டமும் எங்கிருந்து புறப்பட்டு எங்கே சேர்கிறது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள்: மூலப் பாடலின் எலும்புக்கூடு அடியில் தெரியும்.

நான் முதன்முதலாக ஒரு நான்கு குரல் பாடலை மாற்றி எழுதியபோது ஒரு சுரத்தைக்கூட விடவில்லை. அதை ஆசிரியரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் நான்கில் ஓர் உட்குரலான டெனர் குரலை மட்டும் மெதுவாக முணுமுணுத்துக்கொண்டே கேட்டார். ஆறாவது வரியில் நிறுத்திவிட்டு, “டெனர் எங்கே போயிற்று? என்னால் பிடித்துக்கொண்டு வர முடியவில்லை” என்றார். எல்லாச் சுரங்களும் இருந்தன. ஆனால் டெனரின் ஒரு சுரம் மெல்லிய தந்தியிலும் அடுத்தது கனத்த தந்தியிலும் விழ, அது ஒருவர் பாடும் குரலாகவே இல்லை. அன்று முதல், எழுதியதை வாசிக்கும்போது ஒவ்வொரு குரலையும் தனித்தனியே உடன் பாடிப் பார்க்காமல் நான் எதையும் முடிப்பதில்லை.

இந்தச் சிக்கலை லூட்டின் தந்தி அமைப்பு இன்னும் கூட்டுகிறது. கீழ் இணைகளில் ஒரு கனத்த தந்தியும், அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தியும் சேர்ந்திருப்பது பழைய வழக்கம். குடல்நரம்பின் கனத்த தந்தி மங்கலாக ஒலிப்பதால், அதற்குத் தெளிவு கொடுக்கச் செய்த ஏற்பாடு அது. கீழ்க்குரலுக்கு அது அழகு. ஆனால் ஓர் உட்குரல் நான்காம் இணைக்கு இறங்கும்போது, அதன் மேல்ஸ்தாயித் தந்தி மேல்குரலின் பக்கத்திலேயே திடீரென்று ஒலித்து, எழுதாத ஒரு குரலை உண்டாக்கிவிடும். ஆங்கிலேய லூட் கலைஞர் ஜான் டௌலண்ட், தம் மகன் ராபர்ட் 1610இல் வெளியிட்ட லூட் பாடத் தொகுப்பில், இந்த ஸ்தாயி இணைகளை மறுத்து, ஒரே சுருதியில் இரண்டு தந்திகளையும் கட்டச் சொல்கிறார். உங்கள் வாத்தியத்தில் எது கட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

டாப்ளேச்சர் என்ற லூட் குறிப்புமுறை, எண்களாலோ எழுத்துகளாலோ விரல் வைக்கும் இடத்தையும் மீட்டும் நேரத்தையும் மட்டுமே சொல்லும். எந்தச் சுரம் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், எந்தக் குரலுக்கு உரியது என்பதைச் சொல்லாது. 1507இல் வெனிஸில் பெத்ரூச்சி அச்சிட்ட ஸ்பினச்சீனோவின் முதல் லூட் நூலிலிருந்தே இந்த நிலைதான். நார்வாயெஸும், பார்வையற்ற கலைஞரான மிகெல் தெ ஃபுவென்யானாவும் சில பாடல்களில் பாடவேண்டிய குரலின் எண்களைச் சிவப்பு மையில் அச்சிடச் செய்தார்கள். ஃபுவென்யானாவின் நூல் 1554இல் வந்தது. நூற்றுக்கணக்கான கறுப்பு எண்களுக்கு நடுவே ஒரு குரல் மட்டும் சிவப்பாக ஓடுவதைப் பார்க்கும்போது, இந்தக் கலையின் நோக்கமே கண்ணுக்குத் தெரிவதுபோல எனக்குத் தோன்றும். நீங்கள் எழுதும் படியில் நான்கு குரல்களுக்கும் நான்கு நிறம் கொடுத்துக்கொள்ளுங்கள்.

குரல்களை இயன்றவரை விடாமல் கொண்டுவரவேண்டும் என்ற உங்கள் கவலை புதியதல்ல. வானியலாளர் கலிலேயோவின் தந்தை வின்சென்ஸோ கலிலேயி, 1568இல் ‘ஃப்ரோனிமோ’ என்ற பெயரில், ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வடிவில், குரலிசையை லூட்டுக்கு மாற்றும் முறைக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1584இல் அதைத் திருத்தியும் வெளியிட்டார். அவர் உங்கள் பக்கம் நிற்பவர். நார்வாயெஸ் பக்கம் நிற்கும் நானும், பயிற்சிக் காலத்தில் கலிலேயியின் கண்டிப்பைத்தான் பரிந்துரைப்பேன். எல்லாக் குரல்களையும் வைக்க உண்மையாக முயன்று பார்த்தவருக்குத்தான் எதை விடலாம் என்பது தெரியவரும்.

பாக்கைப் பொறுத்தவரை, கிட்டார் பதிப்பிலிருந்து லூட்டுக்குப் போகாதீர்கள். 995 என்பதே ஒரு மாற்றம்தான்: செல்லோவுக்கு சி மைனரில் எழுதிய ஐந்தாம் தொகுப்பை, பாக் தம் கையாலேயே ஜி மைனரில் லூட்டுக்கு எழுதினார். அந்தக் கையெழுத்துப் படி பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. டாப்ளேச்சராக அல்லாமல் இரண்டு வரிசை ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது கோடுகளில் சுரம் குறிக்கும் வழக்கமான முறையில், இருக்கிறது. செல்லோ ஒற்றை வரியில் குறிப்பால் உணர்த்திய கீழ்க்குரலை அவர் எங்கே வெளிப்படையாக எழுதினார், எங்கே எழுதாமல் விட்டார் என்பதை இரண்டு படிகளையும் வைத்து ஒப்பிடுவதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. கிட்டார் பதிப்புகள் பெரும்பாலும் ஏ மைனருக்கு ஏற்றி, ஆறு தந்திகளுக்குள் அடங்கும்படி கீழ்ச்சுரங்களை ஒரு ஸ்தாயி தூக்கியவை. பாக் காலத்து பரோக் லூட்டின் முதல் ஆறு இணைகளோ டி மைனர் கார்டாகவே சுருதி சேர்க்கப்பட்டவை. அவற்றுக்குக் கீழே விரல் வைக்காமல் மீட்டும் பாஸ் தந்திகள் படிப்படியாக இறங்குகின்றன. கிட்டாருக்குக் கண்டுபிடித்த விரலமைப்பு அங்கே ஒன்றுக்கும் உதவாது. பாக் எழுதியுள்ள மிகக் கீழான ஜி, வழக்கமான பதின்மூன்று இணை லூட்டிலும் கிடையாது என்பதால், அங்கே நீங்களும் ஒரு முடிவெடுத்தே ஆகவேண்டும்.

பின்னால் தியோர்போ என்ற நீண்ட கழுத்துள்ள பெரிய லூட்டுக்கும் எழுத நினைத்தால், அதன் முதல் இரண்டு தந்திகளும் ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்க்கப்பட்டவை என்பதை மறக்காதீர்கள். லூட்டில் உச்சியில் ஒலிக்கும் குரல் அங்கே கார்டின் நடுவில் புதைந்துவிடும். அதைத் தனியாக எழுதவேண்டும்.

கையில் லூட் இல்லாத நாட்களில் உங்கள் கிட்டாரின் மூன்றாம் தந்தியை ஜியிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்கி, மூன்றாம் மெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்தும் கவ்வி) மாட்டிக்கொள்ளுங்கள். லூட்டின் ஆறு சுருதிகளும் அப்படியே கிடைக்கும். அந்த முடிவை ஒரு சுரம் ஏற்றிய வடிவில் வாசித்துப் பாருங்கள். ஜி இறங்குவதற்கு முன் அதை ஒருமுறை மறுபடி மீட்டுங்கள். எஃப் ஷார்ப்பை முதல் மெட்டில் அழுத்தும்போது பக்கத்துத் தந்தியின் ஏ திறந்தே ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். விரலின் சதை அதைத் தொட்டு நிறுத்திவிடாதபடி விரல்நுனியை நேராக இறக்குங்கள்.

அன்புடன்.